த்ரூஃபோ பற்றிக் கேட்டவையும் நான் சொன்னவையும்

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ (1932–1984) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில:

கே: '400 அடிகள்' படத்தில் பையன் இவ்வளவு அடி வாங்குவதாகத் தெரியவில்லையே?

ப: முதல் கேள்வியே இதுவா! பிரெஞ்சில் அது ஒரு மரபுத்தொடர். ஊரில் உள்ள சேட்டையெல்லாம் செய்வது என்று பொருள். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினார்கள், அதைப் பார்த்து நாமும் மாற்றிக்கொண்டோம். அடிக்கணக்குப் பார்க்காதீர்கள்.

கே: அது அவருடைய சொந்தக் கதையா?

ப: பெரும்பகுதி. பெற்ற தாய்க்கு அவர் வேண்டாத பிள்ளை. சிறுவயதில் வளர்த்தது பாட்டி. 14 வயதில் பள்ளியை விட்டார். பதின்ம வயதிலேயே திரைப்படக் கழகம் தொடங்கிக் கடன்பட்டார், தட்டச்சு இயந்திரம் திருடினார், தந்தையே போலீஸில் ஒப்படைத்தார். படத்திலும் தட்டச்சு இயந்திரம் வருகிறது. ஆனால் அங்கே பையன் மாட்டிக்கொள்வது, விற்க முடியாமல் அதைத் திருப்பி வைக்கப் போகும்போது!

அவரை மீட்டவர் விமர்சகர் ஆந்த்ரே பஸான். பின்னாளில் ராணுவத்திலிருந்து ஓடிச் சிறையில் கிடந்தபோதும் அவரே உதவினார், தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1958 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கியது. மறுநாளே பஸான் இறந்துபோனார். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

ஒரு காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். சீர்திருத்தப் பள்ளியில் உளவியலாளர் கேள்வி கேட்கிறார். அவர் முகமே திரையில் வராது, குரல் மட்டும்தான். அந்தக் கேள்விகளை அன்று கேட்டவர் த்ரூஃபோதான், பெண் குரலைப் பிறகு சேர்த்தார்கள். பதில்களுக்கு எழுதிவைத்த வசனம் இல்லை. ழான் பியர் லியோ என்ற 14 வயதுப் பையன் மேசையைத் தடவிக்கொண்டு, தோளைக் குலுக்கி, தானாகவே பேசுகிறான்.

கே: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ப: 1959இல் வந்த '400 அடிகள்'தான், அவருடைய முதல் முழுநீளப் படம்.

கே: எங்கே டவுன்லோட் செய்யலாம்?

ப: அதை என்னிடம் கேட்காதீர்கள்.

கே: சக பிரெஞ்சு இயக்குநர் கோதார் மேதை, த்ரூஃபோ வெறும் வணிக இயக்குநர். ஒப்புக்கொள்கிறீர்களா?

ப: இல்லை. கோதாரின் முதல் முழுநீளப் படத்துக்குக் கதைக்கரு கொடுத்தவரே த்ரூஃபோதான்.

கே: (அதே அன்பர்) அப்படியென்றால் 1973இல் கோதார் ஏன் அவரைப் பொய்யர் என்றார்?

ப: சரி, விடமாட்டீர்கள். அந்த ஆண்டு வந்த த்ரூஃபோவின் 'அமெரிக்க இரவு' படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோதார் அவருக்கு அப்படிக் கடிதம் எழுதினார். பகல் வெயிலில் ஃபில்டர் போட்டு இரவாகக் காட்டும் உத்திக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. நம்மூரில் 'டே ஃபார் நைட்' என்பார்கள். படப்பிடிப்புத் தளத்து வாழ்க்கையைப் பற்றிய படத்தில் இயக்குநராக நடித்த த்ரூஃபோ தன் சொந்த உறவுகளை மட்டும் மறைத்துவிட்டார் என்பது கோதாரின் குற்றச்சாட்டு. அதே கடிதத்தில் தன் அடுத்த படத்துக்குப் பணமும் கேட்டார்! த்ரூஃபோ சுமார் 20 பக்கத்துக்குப் பொரிந்து தள்ளினார். அதன் பிறகு நட்பு ஒட்டவே இல்லை. நான் த்ரூஃபோ கட்சி, மறைக்கவில்லை. படம் ஆஸ்கரும் வாங்கியது.

கே: (அதே அன்பர்) ஆஸ்கர் வாங்கினால் நல்ல படமா?

ப: இல்லை. அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 1988இல் த்ரூஃபோவின் கடிதங்கள் நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் யார்? கோதார். அவருக்கே இல்லாத கோபம் உங்களுக்கு எதற்கு?

கே: ஹிட்ச்காக்கைப் பேட்டி கண்டவர் இவரா?

ப: ஆமாம். 1962இல், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, நாள்கணக்கில். 1966இல் நூலானது. வெறும் திகில் பட ஆசாமி என்று ஹிட்ச்காக்கை ஒதுக்கியவர்களை யோசிக்கவைத்த நூல்.

கே: ஸ்பீல்பெர்க் படத்தில் நடித்தாரா?

ப: 1977இல், வேற்றுக்கிரகவாசிகள் வரும் படம். விஞ்ஞானி வேடம்.

கே: தொடங்குவதற்கு ஒரு படம் சொல்லுங்களேன்?

ப: மேலே.

கே: '400 அடிகள்' இரண்டாம் பாகம் உண்டா?

ப: அதே பாத்திரம், அதே லியோ, 1979 வரை இன்னும் நான்கு முறை வருகிறான். காதலிக்கிறான், மணக்கிறான், பிரிகிறான். அடிகள் பற்றி முதல் பதிலைப் பார்க்கவும்.