செப்டிக் ஷாக்கில் இரத்த அழுத்தம் ஏன் சரிகிறது?

செப்டிக் ஷாக் என்பது, கிருமித்தொற்றுக்கு உடல் அளவுமீறி எதிர்வினை காட்டுவதால், போதிய அளவு டிரிப்ஸ் ஏற்றிய பிறகும் மருந்தின் துணையின்றி இரத்த அழுத்தம் நிற்காமல், இரத்தத்தில் லாக்டேட்டும் (செல்கள் நெருக்கடியில் இருக்கும்போது கூடும் வேதிப்பொருள்) உயர்ந்திருக்கும் நிலை. அழற்சியின்போது மிகுதியாக உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது; நுண்குழாய்களின் சுவர்களும் கசிவதால், இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது. தொட்டியில் அதே தண்ணீர் இருந்தும், தெருக்குழாய்கள் எல்லாம் அகன்று இணைப்புகளும் ஒழுகினால், மாடிவீட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்?

இரத்தம் விரல்நுனிவரை சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: விரல்நுனியை 10 விநாடி அழுத்திவிட்டால், வெளுத்த இடம் 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தென் அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு, இந்த எளிய சோதனையை (கருவியே வேண்டாம் என்பது சிறிய விஷயமல்ல) வழிகாட்டியாகக் கொண்ட சிகிச்சையை, லாக்டேட் அளவு வழிகாட்டும் சிகிச்சையோடு ஒப்பிட்டது. இறப்பில் உறுதியான வேறுபாடு நிறுவப்படவில்லை.

'ஷாக்' என்றதும் பலர் மன அதிர்ச்சி என்று எண்ணுகிறார்கள். மருத்துவத்தில் அது உறுப்புகளுக்கு இரத்தம் போதாமையைக் குறிக்கும் சொல்.