கமராவை விட விடியற்காலை முக்கியம்

கிரானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "குடும்பிமலைப் பக்கத்து மேய்ச்சல் தரையில் நீளமான மண்வரம்புகளும் கற்குவியல்களும் காலில் இடறுகின்றன. பழைய குளக்கட்டுகளோ என்று கூகுள் எர்த்தில் தேடினால் ஒன்றுமே தெரியவில்லை. ட்ரோனால் படமெடுத்து வரைபடமாக்க முடியுமா?"

முடியும். ஆனால் கூகுள் எர்த் ஏன் கைவிட்டது என்று தெரியாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் கைவிடும். படமெடுக்கும் செய்மதிகளில் பல முற்பகல் பத்தரை மணியை ஒட்டியே ஓரிடத்தைக் கடக்கின்றன. அந்நேரம் மட்டக்களப்பில் சூரியன் ஏறக்குறைய 60 பாகை உயரத்துக்கு வந்துவிடும். 30 சென்ரிமீற்றர் உயரமான வரம்பு அப்போது ஒரு சாண் நிழல்கூட விழுத்தாது. அதே வரம்புக்குச் சூரியன் 10 பாகையில் நிற்கும்போது நிழல் 1.7 மீற்றர். மேலிருந்து நாம் தேடுவது அந்த நிழலைத்தான்.

இங்கிலாந்தின் கோர்ன்வாலில் பொட்மின் மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. மரமில்லாத புல்வெளி, பன்னப் புதர்கள், அவற்றுக்கிடையே வெண்கலக் காலத்து வட்டக் குடில்களின் கல் அடித்தளங்களும் வயல் மதில்களும். வான்படங்களை வைத்து அவற்றை விரிவாக வரைந்திருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் பன்னம் பட்டுப்போகும்; டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 18 பாகையைத் தாண்டாது. நாள் முழுவதும் நிழல், கொடுத்துவைத்தவர்கள்! நமக்கு வாய்ப்பது காலையில் முக்கால் மணி நேரம்.

ஆகவே புல் கருகிக் கிடக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில், காலை 6.20க்கும் 7 மணிக்கும் இடையில் பறக்கவிடுங்கள். கச்சான் காற்றும் அப்போது வலுத்திருக்காது. நேர் கீழே பார்த்து எடுக்கும் படங்கள் ஒன்றோடொன்று முக்கால் பங்கு மேவட்டும். வரைபடத்துக்கு அவைதான் ஆதாரம். அத்துடன் சூரியனை நோக்கிச் சரிவாகவும் சில படங்கள் எடுங்கள். நிழல் அவற்றில்தான் அழுத்தமாக விழும்.

கிழக்கு மேற்காக ஓடும் வரம்பு காலை வெயிலில் ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க மாரியில் ஒருமுறை போகவேண்டும். பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்க, பழைய கட்டு மட்டும் காய்ந்த கோடாகத் தெரியும்.

வெட்டவெளியில் இன்னொரு தொல்லை, படத்தை நிலத்தோடு பொருத்த மதகோ சந்தியோ கோவில் மூலையோ இல்லாதது. வெள்ளை உரப்பைகளைக் கிழித்துச் சிலுவை வடிவில் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு கற்களை வையுங்கள். ஐந்தாறு இடங்களில் போதும். கைபேசி ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும். அதனால் அருகருகே உள்ள பைகளின் இடைத்தூரத்தை நாடாவாலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வரும் கோடெல்லாம் தொல்லியல் என்று நம்பிவிடாதீர்கள். மாட்டுத் தடம், யானைப் பாதை, கறையான் புற்று எல்லாமே படத்தில் பெரிய மனிதர்கள்போல நிற்கும். நம் மாவட்டத்தில் போர்க்காலத்து மண் அணைகளும் பதுங்குகுழிகளும் வேறு இருக்கின்றன. 1983க்கு முந்திய வான்படம் ஏதும் கிடைக்குமா என்று நில அளவைத் திணைக்களத்தில் விசாரியுங்கள். அதில் இருக்கும் கோடு போர்க்காலத்தது அல்ல என்றாவது உறுதியாகும். அது எந்த நூற்றாண்டு, யார் கட்டியது என்பதை எந்தப் படமும் சொல்லாது. சொல்கிறது என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிந்து, பறக்கவிட அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இன்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். படத்தை அச்சிட்டு, அங்கே மாடு மேய்க்கும் மூத்த பட்டிக்காரர் ஒருவரோடு கோடு கோடாக நடந்து பாருங்கள். எருமை போட்ட தடம் எது என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.