கொல்லாத மருந்து எப்படிக் குணப்படுத்தும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஏற்றலாம் என்கிறார் டாக்டர். கேன்சர் செல்லை இந்த மருந்து நேரடியாகக் கொல்லாதாம். பிறகு எதற்கு இது? முடி கொட்டுமா?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். இது கீமோ இல்லை. தனியாகக் கொடுத்தால் பொதுவாக முடி கொட்டாது. கீமோவும் சேர்ந்தால் கொட்டலாம்.

நோயை எதிர்த்துப் போராடும் நம் டி செல்களின் மேல் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. சொந்த உடம்பையே தாக்கிவிடாதபடி அவற்றை அடக்கிவைக்கும் பிரேக் அது. 1992-இல் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு கண்டுபிடித்தது. 2018-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பல கேன்சர் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை வைத்து இந்த பிரேக்கை அழுத்திவிடுகின்றன. டி செல் பக்கத்திலேயே இருந்தும் சும்மா நிற்கும். பெம்ப்ரோலிசுமாப் ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் புரதம். பிடி-1 மேல் போய் ஒட்டி, அந்த அழுத்தம் விழாமல் தடுக்கும். கொல்லும் வேலையை அப்பாவின் டி செல்லே செய்யும்.

இதை உருவாக்கிய விதம் எனக்கு இன்றும் வியப்புதான். எலியில் கிடைத்த ஆன்டிபாடியை அப்படியே ஏற்றினால் நம் உடம்பு அதையே எதிர்க்கும். அதனால் இலக்கைப் பிடிக்கும் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை மனித ஆன்டிபாடியாக மாற்றினார்கள். அதிலும் ஐஜிஜி4 வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். சில ஆன்டிபாடிகள் தாம் ஒட்டிய செல்லை அழிக்க மற்ற செல்களைக் கூப்பிடும். இங்கே ஒட்டுவது நம் டி செல் மேல். அது அழிந்தால் காரியமே கெட்டுவிடும். ஐஜிஜி4-க்கு அப்படிக் கூப்பிடும் திறன் குறைவு.

எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. பயாப்ஸியில் பிடி-எல்1 அளவும், ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்களும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த மாற்றங்கள் இருந்தால் முதலில் வேறு மாத்திரைகள்தான்.

அப்புறம், மிக முக்கியமான விஷயம். பிரேக் விலகினால் தைராய்டு, குடல், கல்லீரல், நுரையீரல் என்று எங்கும் அழற்சி வரலாம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். அடிக்கடி வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சிரைப்பு, வறட்டு இருமல், கடும் சோர்வு எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டால் அடக்கிவிடலாம். அப்பாவுக்கு முடக்குவாதம் போன்ற ஆட்டோஇம்யூன் நோய் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) இருந்தாலோ, உறுப்பு மாற்று அறுவை நடந்திருந்தாலோ, முதல் டோஸுக்கு முன்பே அதைத் தெரிவித்துவிடுங்கள்.