வாசகர் கேள்வி–பதில்: கடிகாரம் காட்டும் கலோரியை எவ்வளவு நம்பலாம்?

ஸ்மார்ட் வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் காட்டும் கலோரிக் கணக்கு பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில.

வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. வீட்டு வேலை போக, காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நாளுக்குச் சராசரியாக 2,450 கலோரி எரிகிறது என்கிறது வாட்ச். நான் சாப்பிடுவது 2,000 கலோரிதான். இரண்டு மாதமாகியும் எடை அசையவில்லை. கோளாறு உடம்பிலா, வாட்சிலா?
— வாசகி, தங்கச்சிமடம்

வாட்சின் கணக்கில்தான். கலோரியை எந்த வாட்சும் நேரடியாக அளப்பதில்லை. கை அசைவை ஒரு சென்சாரும், தோலுக்கடியில் ரத்தம் துடிப்பதைப் பச்சை விளக்கும் பார்க்கின்றன. மீதி எல்லாம் சூத்திரம்.

முதலில், சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி. இதற்கு 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. கிலோவில் எடையைப் பத்தால் பெருக்குங்கள், செ.மீ.யில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். பெண்ணென்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆணென்றால் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு 1,278 வருகிறது. ப்ரொஃபைலில் பழைய எடை கிடந்தால் இந்த இடத்திலேயே கணக்கு பிசகிவிடும். அதை முதலில் பாருங்கள்.

மிச்சமுள்ள 1,172 கலோரி, அசைவையும் துடிப்பையும் வைத்து வாட்ச் போட்ட ஊகம். ஒரு மணி நேர நடைக்கு உங்கள் எடையில் சுமார் 240 கலோரி. அதிலேயே சும்மா இருந்தாலும் போகும் சுமார் 53 சேர்ந்திருக்கிறது. மற்ற வீட்டு வேலைகளைச் சேர்த்தாலும் 1,172 தாராளம்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு 7 கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ, இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதன்பின் புதுப்புது மாடல்கள் வந்துவிட்டன. அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கும் வழி மட்டும் மாறவில்லை.

இதற்காக வாட்சைக் கழற்றி எறிய வேண்டாம். அது தவறினாலும் ஏறக்குறைய ஒரே பக்கமாகத்தான் தவறும். எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். காலையில் கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே எடைமெஷினில் ஒரே சிமெண்ட் தரையில் நின்று தினமும் எடையைக் குறியுங்கள். பாய் மேல் மெஷினை வைத்தால் எடை தப்பும். மாதவிலக்கை ஒட்டி நீர் கோத்து எடை ஏறி இறங்குவதால், பெண்கள் இரண்டு வாரத்தில் முடிவுக்கு வரக் கூடாது; முதல் வாரச் சராசரியையும் ஐந்தாம் வாரச் சராசரியையும் ஒப்பிட வேண்டும். இடையில் 28 நாள். குறைந்த கிலோவை 7,700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்து, தினசரி சாப்பாட்டுச் சராசரியோடு கூட்டினால் உங்கள் உண்மைச் செலவு வந்துவிடும். 0.4 கிலோ குறைந்திருந்தால் 110 கூட்ட வேண்டும். உங்களுக்கு எடை அசையவே இல்லை. ஆகவே செலவு 2,000. அதை 2,450-ஆல் வகுத்தால் 0.82. இனி வாட்ச் எது காட்டினாலும் 0.82-ஆல் பெருக்குங்கள். வாரம் கால் கிலோ குறைய வேண்டுமானால் தினமும் சுமார் 275 கலோரி துண்டு விழ வேண்டும். அதாவது சாப்பாடு 1,725-க்கு வர வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கும் சுத்தமாக இருக்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. மீன் பொரித்த சட்டியில் எவ்வளவு மிஞ்சியது என்று யார் அளக்கிறார்கள்? வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. கரண்டிக் கணக்கை விட்டுத் தராசில் நிறுங்கள். இவ்வளவு செய்தும் தவறு இருந்தால், அந்தத் தவறும் 0.82-க்குள் அடங்கிவிடும். தினமும் ஒரே மாதிரி கணக்கிட்டால் சரி.

அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறார். ஐந்து மணி நேரம் கடலில் கிடந்துவிட்டு வந்தாலும், டி.வி. பார்த்த நாளைவிடக் கொஞ்சம்தான் கூடக் காட்டுகிறது பேண்ட். ஏன்?
— வாசகி, பாம்பன்

அந்த வேலையில் பேண்டை ஏமாற்றும் எல்லாமே இருக்கிறது. மூச்சைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் இதயத் துடிப்பு தானாகவே குறையும். அது உடம்பின் இயல்பு. உழைப்பு ஏறும்போது துடிப்பு இறங்கினால், இவர் ஓய்வெடுக்கிறார் என்று பேண்ட் எழுதிக்கொள்கிறது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து பச்சை விளக்கின் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. ஜி.பி.எஸ். தண்ணீருக்கடியில் எடுபடாது. துணி சுற்றிய விரல்களால் பாறையைப் பிடித்துப் பாசியைப் பிய்ப்பது எந்தக் கணக்கிலும் காலடியாக விழாது. இதற்கு மேல், கடல்நீர் காற்றைவிட வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதையும் பேண்ட் அறியாது.

'நீச்சல்' மோடைப் போட்டாலும் தேறாது. அது கை வீச்சைத் தேடும். அம்மாவுக்கு மேலே சொன்ன எடை–சாப்பாட்டுக் கணக்கு ஒன்றுதான் வழி. கடல் நாளையும் கரை நாளையும் ஒரே எண்ணால் பெருக்காதீர்கள்.

பேண்டில் 5 ஏ.டி.எம். (தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) என்று போட்டிருந்தாலும் உப்புக்கு அது உத்தரவாதம் ஆகாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பின்பக்கச் சார்ஜ் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் முனை பச்சை பூத்து அரித்துவிடும்.

விசைப்படகில் உட்கார்ந்தே இருக்கிறேன், ஆயிரக்கணக்கில் ஸ்டெப் ஏறுகிறது. வலை இழுக்கும்போது ஏறவில்லை.
— வாசகர், தொண்டி

இன்ஜின் அதிர்வும் அலை ஆட்டமும் காலடியின் தாளத்துக்கு ஒத்துவந்தால் ஸ்டெப்பாக விழும். மேடு பள்ளச் சாலையில் பைக் ஓட்டினாலும் இதே கதைதான். வலையை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு நரம்புகள் புடைத்து, ரத்த ஓட்டம் மாறி, துடிப்பு வாசிப்பும் தடுமாறும். பேண்டை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள், ஓரளவு சீராகும். கடலுக்குப் போகும் நாளின் ஸ்டெப் எண்ணிக்கையை மட்டும் மறந்துவிடுங்கள்.

தனுஷ்கோடியில் தார்ச்சாலையில் நடப்பதும் மணலில் நடப்பதும் ஒன்றா?
— வாசகர், ராமேஸ்வரம்

ஒன்றே இல்லை. காய்ந்த, கால் புதையும் மணலில் அதே வேகத்தில் நடக்க, கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு கண்டது, ஓடினால் 1.6 மடங்கு. 70 கிலோ ஆள் சாலையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் ஒரு மணிக்குச் சுமார் 245 கலோரி. மணலில் வேகமும் தானாகக் குறையும் என்பதால், இதை அப்படியே இரண்டரையால் பெருக்கிவிட வேண்டாம்.

ஸ்டெப்பை மட்டும் எண்ணும் பேண்டுக்குத் தாரும் மணலும் ஒன்றுதான். துடிப்பைப் பார்க்கும் வாட்ச் கொஞ்சம் கண்டுபிடிக்கும். அதற்கு 'நடை' மோடை நீங்களே தொடங்கி வைத்தால் நல்லது. அலை நனைத்த ஓர மணல் இறுகிக் கிடப்பதால் அங்கே வித்தியாசம் வெகுவாகக் குறையும். எதிர்க்காற்றில் நடக்கும் கஷ்டமும் துடிப்பு வழியாக மட்டுமே வாட்சுக்குத் தெரியும்.

அதே நடை, அதே நேரம். மார்கழியில் 240 காட்டியது, சித்திரையில் 310 காட்டுகிறது. அப்பாவுக்கோ, என்னோடு நடந்தாலும் 150 தாண்டுவதில்லை; பிரஷருக்கு அட்டினலால் போடுகிறார்.
— வாசகர், கீழக்கரை

சித்திரையில் கூடிய 70-ல் பெரும்பகுதி வெயிலின் கணக்கு. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தத்தை அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் இன்னும் வேகம். தசையின் உழைப்பு அதே அளவுதான். வாட்சோ துடிப்பைப் பார்த்துக் கலோரியை ஏற்றிவிடுகிறது. அந்த 70-ஐ நம்பி ஒரு வடை கூடச் சாப்பிட்டால் எடையில்தான் ஏறும்.

அப்பாவுக்கு நேர் எதிர். அட்டினலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைக்கும்; வாட்ச் குறைத்துக் காட்டும். வாட்சில் எண் ஏற வேண்டுமென்று அவரை வேகமாக நடக்க வைக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் கூடாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் அவருக்குப் போதும்.

மலிவு பேண்ட் சரியாக வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
— வாசகர், தேவிபட்டினம்

முடியும். ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். கழுத்திலோ மறு கையிலோ நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி, பேண்டோடு ஒப்பிடுங்கள். மூன்று முறை பார்த்தும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பட்டையை ஒரு துளை இறுக்கி, மறுபடி பாருங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் அதன் கலோரியை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். பேண்டே போலி என்று காட்ட, சிலர் அதைத் துணிச் சுருளில் கட்டி, அது துடிப்பு காட்டுவதைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். திரும்பி வரும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் படிக்கிறது என்பதால் நல்ல பேண்டும் சில சமயம் அப்படிக் காட்டும். அதை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.