ஓடும் மானுக்கு எந்தக் கேமரா?

கேள்வி: பழைய கேனான் டிஎஸ்எல்ஆரும் 55-250 ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறேன். கோடியக்கரையில் வெளிமான் துள்ளி ஓடுவதை எடுத்தால் மங்கலாகவே வருகிறது. “இமேஜ் ஸ்டெபிலைசேஷன் உள்ள புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வாங்குங்கள், ஆடவே ஆடாது” என்கிறார் கடைக்காரர். 80,000 ரூபாய் செலவழிக்கலாமா? (திருவாரூர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். மானின் ஓட்டத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. அந்தி வெளிச்சத்தில் கோயில் தூணை எடுக்க அருமையான வசதிதான். ஆனால் உங்கள் 55-250 லென்ஸிலேயே அது இருக்கிறதே! கடைக்காரர் அதைச் சொல்லவில்லை போலும்.

முதலில் கெட்டுப்போன படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. புல் தெளிவாக இருந்து மானின் கால்கள் மட்டும் கோடு கோடாக இழுத்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பின்னாலிருக்கும் புதர் பளிச்சென்றிருக்க மான் மட்டும் மசமசவென்று இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. பின்னிரண்டும்தான் அதிகம் நடக்கும். இரண்டுக்கும் காசு செலவில்லை. டயலை ‘டிவி’ மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது) வைத்து 1/1600 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆட்டோ, ஃபோகஸ் ‘ஏஐ சர்வோ’ (நகர்வதைத் தொடர்வது) என்று மாற்றுங்கள். ஐஎஸ்ஓ 3200-க்கு ஏறிப் படத்தில் புள்ளி விழுந்தாலும் கவலை வேண்டாம். புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்யலாம், இழுபட்டதை முடியாது. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறியபின் தரையிலிருந்து கானல் எழும்பினால் லட்ச ரூபாய் லென்ஸிலும் படம் கலங்கித்தான் வரும்.

அப்புறம், கூர்மை மட்டும் போதாது. 1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழும்புவது, ஓவியர்கள் வரைந்ததுபோலக் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது என்று அந்தப் படங்களில் தெரிந்தது. வெளிமானுக்கும் இப்படி ஒரு கணம் உண்டு: துள்ளலின் உச்சியில் முன்னங்கால் மடங்கியிருக்கும் நேரம். தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்தில் அதைத்தான் தேட வேண்டும். சும்மா பழக வேண்டுமானால் கோடியக்கரையில் திரியும் காட்டுக் குதிரைகள் இருக்கின்றன. 1/60 விநாடியில் வைத்து, குதிரையின் போக்கிலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்துப் பாருங்கள். பின்னணி கோடுகளாக ஓடும், தலை தெளிவாக நிற்கும். இதில் பெரும்பாலான படங்கள் வீணாகும், அது சகஜம். படத்துக்காக மானை மட்டும் விரட்டிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் விரட்டுவதும் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது.

இதெல்லாம் செய்தும் மான் படத்தில் சின்னதாகவே தெரிந்தால், பணத்தை இன்னும் கிட்டே இழுக்கும் லென்ஸில் போடுங்கள். சிக்மா (‘கன்டெம்பரரி’ வகை), டாம்ரான் இரண்டின் 150-600 லென்ஸும் சுமார் 2 கிலோ. வாங்கும் முன் ஒரு வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்து, அந்தக் கனத்தோடு ஓடும் மானைப் படத்துக்குள் வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மிரர்லெஸ் என்றாவது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அதன் உண்மையான பலன் விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் ஃபோகஸ். விளம்பரத்தில் ‘விநாடிக்கு 20 படம்’ என்று போட்டிருந்தால், மெக்கானிக்கல் ஷட்டரில் (திரை திறந்து மூடும் முறையில்) எத்தனை என்று கேளுங்கள். விலை குறைந்த கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாக, மெதுவாகப் படிப்பதால் ஓடும் கால்களும் பறவையின் இறக்கையும் வளைந்து விழும்.

கேள்வி: பறவைப் படத்துக்காக நிகான் டி500 பழையது வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நல்ல தேர்வு. 2016 மாடல்தான், ஆனால் விநாடிக்கு 10 படம் எடுக்கும், ஃபோகஸும் வேகம். அதிலேயே ஒரு ஜேபெக் படம் எடுத்து, அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கும் ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று பாருங்கள். இதன் ஷட்டரை 2 லட்சம் முறைக்குச் சோதித்ததாக நிறுவனம் சொல்கிறது. அதை நெருங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸும் சேர்த்துத் தந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்க்காரரின் லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லென்ஸுக்கு இந்திய வாரன்டி இல்லை என்கிறது சர்வீஸ் சென்டர். விற்றவர் பதிலே தருவதில்லை.

பதில்: விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.