போஸ்ட்-பேக் சேரலாமா? அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைப்பவர்களின் கேள்விகள்

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. பட்டம் இருந்தும் மதிப்பெண் போதாதவர்களும், அறிவியல் பாடங்களையே எடுக்காதவர்களும் நடுவில் ஓரிரு ஆண்டு படிப்பதைத்தான் போஸ்ட்-பேக் என்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை நீக்கி, பதில் எழுதியிருக்கிறேன். ஜிபிஏ என்பது 4-க்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண் சராசரி, எம்கேட் என்பது மருத்துவ நுழைவுத் தேர்வு. எம்.டி.யும், ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் தரும் டி.ஓ.வும் இங்கே மருத்துவராவதற்கான முதல் பட்டங்கள்.

மேடம், பையன் பயாலஜி முடித்துவிட்டான். ஜிபிஏ 3.1, எம்கேட் 513. எந்த போஸ்ட்-பேக் நல்லது? பெரிய பெயர் உள்ள கல்லூரியாக இருந்தால் நல்லது என்கிறார் அவன் அப்பா. (எடிசன், நியூ ஜெர்சி)

பெயரைக் கடைசியில் பார்ப்போம் அம்மா. முதலில் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். எம்.டி. கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களின் சராசரி எம்கேட் 512-ஐ ஒட்டியும், ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும் இருக்கிறது. எம்கேட்டில் உங்கள் பையனுக்குக் குறையில்லை. குறை ஜிபிஏவில்.

அதைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டுக்கு 3.1 வாங்கியிருக்கிறான். இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.28தான் வரும். ஓராண்டு உழைப்புக்கும் பணத்துக்கும் 0.18! இதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் தேர்வுக்குழு அந்த ஒற்றை எண்ணோடு நிற்பதில்லை. பொது விண்ணப்ப அமைப்பான ஆம்கேஸ் முதலாண்டு, இரண்டாமாண்டு என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டும். போஸ்ட்-பேக்குக்குத் தனி வரி உண்டு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனி ஜிபிஏ உண்டு. அந்தத் தனி வரியில் 3.9 நின்றால், 'இந்தப் பையன் மாறிவிட்டான்' என்று படிப்பவர்களுக்குப் புரியும்.

அதனால் என் யோசனை: வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் சாராத மாணவனாகச் சேர்ந்து 24 முதல் 30 கிரெடிட் மேல்நிலை அறிவியல் எடுக்கட்டும். உயிர்வேதியியல், உடலியங்கியல், மரபியல், நோய் எதிர்ப்பியல் மாதிரி. பழைய பாடத்தைத் திரும்ப எடுப்பது சி-மைனஸோ அதற்குக் கீழோ வாங்கியதற்கு மட்டும் போதும். திரும்ப எடுத்தாலும் ஆம்கேஸ் இரண்டு மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்க்கும். டி.ஓ. கல்லூரிகளின் அமைப்பு முன்பு பழையதை நீக்கிப் புதியதை எடுத்துக்கொண்டது. 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய ஆலோசனையை இன்னும் சொல்லிக்கொண்டு திரியும் மாமாக்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

பெரிய பெயர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பிரின் மார், கவுச்சர், ஸ்கிரிப்ஸ் ஆகியவை அறிவியல் பாடங்களை இன்னும் முடிக்காதவர்களுக்கானவை. பயாலஜி பட்டதாரியைச் சேர்க்க மாட்டார்கள்.

அக்கா, நான் 30 கிரெடிட் முடித்துவிட்டேன், எல்லாம் ஏ. மொத்தம் 3.3. இரண்டு எஸ்எம்பியில் (ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்) இடம் கிடைத்திருக்கிறது. எதை எடுக்கட்டும்? (சிகாகோ)

தம்பி, முதலில் இன்னொன்றைக் கேட்கிறேன்: இதே நிலையில், எஸ்எம்பி இல்லாமல் ஒருமுறை விண்ணப்பித்தாயா? இல்லையென்றால் எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டுப் பிறகு யோசி. எஸ்எம்பி கையில் உள்ள கடைசித் துருப்புச் சீட்டு. மருத்துவக் கல்லூரி முதலாண்டுப் பாடத்தை ஓராண்டு முதுகலையாகப் படிப்பது அது. நன்றாகச் செய்தால் 'இவனால் முடியும்' என்பதற்கு அதைவிட நேரான சான்று இல்லை. வரிசையாக பி மதிப்பெண் வந்தால் அதற்குமேல் காட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. இன்னொன்று, அந்த மதிப்பெண் முதுகலைக் கணக்கில் தனியாக நிற்கும், உன் 3.3 ஒரு புள்ளிகூட நகராது.

சேர்வது என்று முடிவெடுத்தால் இப்படிப் பார். அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறதா? முதலாண்டு மருத்துவ மாணவர்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதுவாயா, இல்லை 'உயிர்மருத்துவ அறிவியல்' என்ற பெயரில் தனி வகுப்பா? ஜார்ஜ்டவுன் 1975-இல் தொடங்கிய படிப்புதான் இந்த வகைக்கு முன்னோடி. அங்கே மருத்துவ மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுவார்கள் என்பதே அதன் மதிப்புக்குக் காரணம். நேர்முகத் தேர்வு உறுதி என்று சொன்னால் எந்த ஜிபிஏவுக்கு, எந்த எம்கேட்டுக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

காலக்கணக்கும் முக்கியம். எஸ்எம்பி படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்தால், குழு கோப்பைத் திறக்கும் நேரத்தில் உன் புது மதிப்பெண் ஒன்றும் அதில் இருக்காது. டிசம்பரில்தான் முதல் செமஸ்டர் மதிப்பெண் வரும். அதற்குள் பாதி இடங்களுக்கு நேர்முகம் முடிந்துவிடும். சொந்தக் கல்லூரி உன்னைக் காத்திருந்து பார்க்கும், மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள்.

'எங்கள் படிப்பில் 90 சதவீதம் பேர் மருத்துவம் சேர்கிறார்கள்' என்று ஒரு போஸ்ட்-பேக் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (சியாட்டில்)

எத்தனை பேரில் 90 சதவீதம் என்று கேளுங்கள். சேர்ந்த எல்லாரிலுமா, முடித்தவர்களிலா, கல்லூரியின் குழுப் பரிந்துரைக் கடிதம் கிடைத்தவர்களிலா? சில இடங்களில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அந்தக் கடிதமே கொடுக்க மாட்டார்கள். கணக்கிலிருந்தும் அவர்கள் காணாமல் போவார்கள். எம்.டி. மட்டுமா, டி.ஓ.வும் பல் மருத்துவமும் கரீபியன் தீவுகளின் மருத்துவக் கல்லூரிகளும் சேர்த்தா? முதல் முயற்சியிலா, மூன்று முயற்சி சேர்த்தா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாத நிர்வாகியிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஏற்கெனவே 3.7 வைத்திருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் படிப்பு நல்ல விகிதம் காட்டுவதில் ஆச்சரியமும் இல்லை.

கோயம்புத்தூரில் பி.இ. முடித்து, இப்போது டாலஸில் சாஃப்ட்வேர் வேலை. வயது 33, கிரீன் கார்டு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு போஸ்ட்-பேக் போகலாம் என்று நினைக்கிறேன்.

வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் பிரச்சினை மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. இந்தியாவில் வாங்கிய மதிப்பெண்ணை ஆம்கேஸ் ஜிபிஏவில் சேர்க்காது. எட்டு செமஸ்டரும் முதல் வகுப்பு என்றாலும் விண்ணப்பத்தில் உங்கள் ஜிபிஏ காலியாக இருக்கும். அதோடு, பல கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ குறைந்தது 90 கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்கின்றன. டெக்சாஸில் உங்களுக்கு இது நேராகவே இடிக்கும். ஓராண்டு போஸ்ட்-பேக்கில் கிடைப்பது சுமார் 30 முதல் 40 கிரெடிட். பணத்தைக் கட்டி முடித்துவிட்டு 'இன்னும் 50 வேண்டும்' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஆகவே முதல் வேலை, சேர நினைக்கும் பத்துக் கல்லூரிகளுக்கு மின்னஞ்சல்: வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பீர்களா, எத்தனை கிரெடிட் இங்கே வேண்டும், இங்கே எம்.எஸ். செய்திருந்தால் அது சேருமா? பதில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்தப் பதில்களை வைத்து, மாலை வகுப்பு உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடமாகத் தொடங்குங்கள். பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல், எல்லாம் ஆய்வகத்தோடு; பிறகு உயிர்வேதியியல், புள்ளியியல். எம்கேட்டுக்கு உளவியலும் சமூகவியலும் வேண்டும். தேவைப்பட்டால் இரண்டாவது இளங்கலைப் பட்டமாகவே பதிவு செய்துகொள்ளலாம்.

நீங்கள் இருக்கும் மாநிலம் ஒரு வரம். டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகள் 90 சதவீத இடத்தை அந்த மாநிலத்தவருக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கட்டணமும் குறைவு. பாடத்தோடு பாடமாக மருத்துவமனையிலோ, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸிலோ வார இறுதியில் தொண்டு செய்யுங்கள். 33 வயதில் ஏன் வருகிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். நோயாளிகளோடு கழித்த மணிநேரங்கள்தான் அதற்கு நம்பும்படியான பதில்.

மகள் எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்தவள். 21 வயது ஆனதும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாள். கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. எஸ்எம்பி உதவுமா? (சான் ஹோசே)

மனசுக்குக் கஷ்டமான கேள்வி. இங்கேயே பள்ளி படித்து வளர்ந்த பிள்ளை, விண்ணப்பத்தில் வெளிநாட்டு மாணவி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும்தான் எடுக்கின்றன. எடுக்கும் தனியார் கல்லூரிகளிலும் கூட்டாட்சி அரசின் கல்விக் கடன் அவளுக்குக் கிடையாது. சில கல்லூரிகள் பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாகக் காட்டச் சொல்லும். எனவே பட்டியல்தான் முதலில். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்எஸ்ஏஆர் தளத்தில் வெளிநாட்டவரை ஏற்கும் கல்லூரிகளைப் பிரித்து எடுங்கள். அவளுடைய மதிப்பெண்ணுக்கு அந்தச் சிறு பட்டியலில் இடமிருந்தால் மட்டும் எஸ்எம்பியைப் பற்றி யோசிக்கலாம். மாலை நேரச் சான்றிதழ் போஸ்ட்-பேக் எஃப்-1க்கு ஒத்துவராது, முழுநேரப் படிப்பு வேண்டும். பட்டம் தரும் எஸ்எம்பிக்கு, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் முன்பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிப் படிக்கலாமா?

இளங்கலை நிலைப் பாடங்கள் மேற்படிப்பில் சேரத் தேவையானவை என்று கல்லூரி சான்று தந்தால், தொடர்ச்சியாக 12 மாதம் வரை கூட்டாட்சிக் கடன் உண்டு. பட்டதாரிக்கு அதிகபட்சம் 12,500 டாலர். எஸ்எம்பி விஷயம் இப்போது மாறிவிட்டது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக் கடன் கிடையாது. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான். பல எஸ்எம்பிகளில் கட்டணமே 40,000-ஐத் தாண்டும். மீதிக்குத் தனியார் கடன், இல்லையென்றால் அப்பா அம்மா சேமிப்பு. மருத்துவப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 என்றும், எல்லாப் படிப்புக்கும் சேர்த்து வாழ்நாளுக்கு மொத்தம் 257,500 என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். எஸ்எம்பிக்கு வாங்குவது அந்த மொத்தத்தில்தான் கழியும். கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரியில் அந்த மாநிலத்தவருக்கு ஒரு யூனிட் (கிரெடிட்) 46 டாலர். அடிப்படைப் பாடம் ஓரிரண்டை அங்கே எடுப்பதில் தவறில்லை. பல்கலைக்கழகத்தில் தோற்ற கரிம வேதியியலை மட்டும் அங்கே போய் எடுக்காதீர்கள். சுலபமான இடம் தேடிப் போனதாகப் படிப்பார்கள்.

எம்பிஎச் செய்தால் ஜிபிஏ குறையை மறைக்கலாமா?

முடியாது. பொதுச் சுகாதாரத்தில் ஆர்வம் இருந்தால் செய்யுங்கள்.

ஜிபிஏ 3.8, எம்கேட் 501. போஸ்ட்-பேக்?

வேண்டாம். எம்கேட்டை மறுபடி எழுதுங்கள். ஓராண்டில் மூன்று முறை, வாழ்நாளில் ஏழு முறை எழுதலாம். ஆனால் எல்லா மதிப்பெண்ணையும் கல்லூரிகள் பார்க்கும். அதனால் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 510 தாண்டும்வரை தேதி குறிக்காதீர்கள்.

டி.ஓ. கல்லூரி நடத்தும் ஓராண்டு முதுகலையில் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. 'எம்.டி. இல்லையா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே? (அட்லாண்டா)

கேட்பார்கள். அப்புறம் முட்டிவலிக்கு அவனிடமே வருவார்கள். 2020 முதல் இரு பட்டத்தாருக்கும் மேற்பயிற்சி ஒரே அங்கீகாரத்தின் கீழ் நடக்கிறது. 2025-இல் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதத்துக்கும், டி.ஓ. மாணவர்களில் 92.6 சதவீதத்துக்கும் ரெசிடென்சி என்ற அந்தப் பயிற்சியில் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்து வந்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது 67.8தான், கரீபியனையும் இதையும் எடைபோடும் பெற்றோர் இதைப் பார்க்க வேண்டும். தோல் மருத்துவம், நரம்பியல் அறுவை போன்ற சில துறைகளில் டி.ஓ.வுக்குக் கதவு இன்னும் குறுகல்தான், அதை மறைக்க மாட்டேன். பிசிஓஎம், லீகாம் போன்ற டி.ஓ. கல்லூரிகள் இப்படிப் படிப்பு நடத்துகின்றன. நான் பார்க்கும் விஷயம் ஒன்றே: குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால் தங்கள் கல்லூரியில் நேர்முகமோ இடமோ உண்டு என்று எழுதித் தருகிறார்களா? தந்தால் தயங்காதீர்கள்.

லிங்கேஜ் என்கிறார்களே, அது என்ன?

சில போஸ்ட்-பேக்குகள் குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். படிக்கும்போதே அங்கே விண்ணப்பித்து, நிபந்தனையோடு இடம் வாங்கி, நடுவில் சும்மா இருக்கும் ஓராண்டை மிச்சப்படுத்தலாம். பதிலுக்கு அந்தச் சுற்றில் பெரும்பாலும் வேறெங்கும் விண்ணப்பிக்க முடியாது. அந்த ஒரு கல்லூரியில் படிக்க நிஜமாகவே விருப்பம் இருந்தால் மட்டும்.

இது ஏப்ரல். போஸ்ட்-பேக் கடைசிச் செமஸ்டர் ஓடுகிறது, எம்கேட் ஆகஸ்டில் எழுதப் போகிறேன். இந்த ஆண்டே போட்டுவிடவா? (பாஸ்டன்)

வேண்டாம். ஆகஸ்டில் எழுதினால் மதிப்பெண் செப்டம்பரில் வரும். விண்ணப்பம் மே கடைசியிலேயே சமர்ப்பிக்கத் திறந்துவிடும், இடங்கள் வரவர நிரப்பப்படும். இந்தக் கோடையில் எம்கேட்டை நிதானமாக எழுதுங்கள், மருத்துவமனையில் மருத்துவரின் குறிப்புகளை எழுதும் ஸ்கிரைப் வேலையோ மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலையோ தேடுங்கள். இப்போது பாடம் எடுக்கும் பேராசிரியர் இருவரிடம், உங்களை மறக்கும் முன், பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த மே மாதக் கடைசி வாரத்திலேயே அனுப்பிவிடலாம்.