எது களவு?

கேள்வி: 'ரீலூட்டட்' என்றொரு வீடியோ கேம். நூதனசாலைக்குள் புகுந்து களவெடுப்பதுதான் கதை. வாங்கித் தரச் சொல்லி மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். களவைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் பழக்கலாமா ஐயா?
— ஒரு தகப்பன், உவர்மலை

பதில்: 'களவு' என்று இரண்டு தரம் எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லை நான் விடமாட்டேன்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு தாரை சிலை நிற்கிறது. வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசியது, 143 சென்ரிமீற்றர் உயரம், 8ஆம் நூற்றாண்டு. கண்டெடுத்தது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில், எங்கள் கரையில். இங்கே ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் அதை அந்த மியூசியத்துக்குக் கொடுத்தார். அதற்குப் பெயர் அன்பளிப்பு! யார் வீட்டுப் பொருளை யார் அன்பளிப்பது? இதை முன்பு எழுதியபோது, "தாரை பௌத்தத் தெய்வம், கோணேசர் ஊருக்கு அதில் என்ன?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அவருக்கு இன்றும் அதே பதில்தான்: எந்தச் சாமி என்று பார்த்தா களவு களவாகிறது?

சரி, கேமுக்கு வருகிறேன். செய்தவர்கள் தென்னாப்பிரிக்கா ஜொகனஸ்பேர்க்கின் நியாமகோப் நிறுவனத்தார். 2025 ஜூனில் அறிவித்தார்கள். யோசனை, அதை இயக்கியவரின் அம்மாவுடையது. துருக்கியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன ஒரு முழுக் கல்லறை மண்டபத்தை அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்துக் கொதித்துப்போய், இதை வைத்து ஒரு கேம் செய் என்று மகனிடம் சொன்னாராம். அந்தத் தாயை எனக்கு மிகவும் பிடிக்கிறது. கேமில் மீட்க வேண்டிய ஆப்பிரிக்கப் பொருட்கள் 70. எல்லாம் உண்மையில் உள்ளவை. 1874இல் ஆங்கிலேயப் படை இன்றைய கானாவின் குமாசியில் கொள்ளையடித்த அசாந்தே மக்களின் தங்க முகம் அவற்றில் ஒன்று. முதலில் இடத்தை நோட்டம் பார்த்து, தப்பும் வழியைத் தயார்செய்ய வேண்டும்; பொருளில் கை வைத்ததும் அலாரம் அடிக்கும், அப்புறம் ஓட்டம்தான். இதில் களவு எங்கே இருக்கிறது? பறிபோனதை எடுத்து வருகிறார்கள்.

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு பின்னேரம் மகனைத் திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோணேசர் கோவிலின் கல், இரட்டை மீன் பொறிப்போடு, கோட்டை வாசலில் இருக்கிறது. மான் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டி ஓடுகிறார்கள். மகன் அதைத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் அந்த மான்கள்: பொலித்தீன் பையோடு எதையும் போடாதீர்கள். எத்தனை தரம்தான் எழுதுவது, அந்த வாயில்லா உயிர்கள் அதையும் சேர்த்தே விழுங்குகின்றன.